அல்லல் ஆபீசும் செவந்தி வீட்டு டீயும்

ஜெகதாப்பட்டினக் கரையில் குண்டு விழுந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் ஒரு தை மாதத்துக் காலையில், குண்டு துளைக்காத சட்டை மாட்டிய ஏழெட்டுப் பேர் மீன் ஏலக்கூடத்தில் வந்து இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள்ளேயே அவர்களுக்கு வேர்த்து ஊற்றியது. நண்டை ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர் பாதி விலையில் வாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கிரிக்கெட் விளையாட வந்திருக்கிறார்கள் என்றான் ஒருவன். இல்லை, தீயணைப்புக்காரர்கள் என்றான் இன்னொருவன். இரண்டும் தப்பு. வந்தவர்கள் உலக அல்லல் துடைப்பு இயக்கத்தார்.

இந்த இயக்கத்துக்கு ஒரு தலைவலி. எங்கோ ஒரு தேசத்தில் நிஜமான சண்டை நடந்தபோது இவர்கள் அனுப்பிய மாவும் மருந்தும் சனங்களிடம் போய்ச் சேரவே இல்லை என்று பெரிய பேச்சாகிவிட்டது. நன்கொடை கொடுத்த துரைமார்கள், மோதல் பகுதியில் நீங்கள் செய்கிற உதவிக்கு யார் பொறுப்பு, யார் கண்காணிப்பு என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் மோதல் பகுதிக்குப் போய்க் கண்காணித்துக் காட்ட வேண்டும். அங்கேதான் சங்கடம். மோதல் பகுதியில் சுடுவார்களே! வரைபடத்தை விரித்துவைத்துத் தேடியிருக்கிறார்கள். மோதலும் இருக்க வேண்டும், கண்காணிப்பவர் மேல் கீறலும் விழக்கூடாது, கார் போகிற தூரத்தில் ஏசி ரூமும் கிடைக்க வேண்டும். எல்லாப் பொருத்தமும் அமைந்த வரனாக ஜெகதாப்பட்டினம் அகப்பட்டது. நம் படகுகளை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை பிடித்துப்போகிறதல்லவா, அதனால் கடல் மோதல் பகுதி. மோதல் கடலுக்குள்ளே கிடக்கட்டும், இவர்களுக்குக் கரையே போதும்.

ஐஸ் கம்பெனிக்கு எதிர்த்த மாடியில் ஆபீஸ் போட்டார்கள். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல யாருக்கு நேரமிருக்கிறது? ஊரார் அதை அல்லல் ஆபீஸ் என்று சுருக்கிவிட்டார்கள். அதில் பிசகு ஒன்றும் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

செவந்தி ஏலக்கூடத்தில் இறால் தலை கிள்ளுகிறவள். அவள் புருஷன் நிலவழகன் விசைப்படகில் வலை இழுக்கப் போகிற ஆள். அந்த மார்கழியில் அவன் போன படகு அகப்பட்டு, படகோடு அத்தனை பேரும் அக்கரைச் சிறையில் இருந்தார்கள். பிடிபடுவது இந்த ஊருக்குப் புதுசில்லை. பிடிப்பார்கள், வழக்கு நடக்கும், விடுவார்கள், திரும்பி வருவான். செவந்தி அதற்காகத் தூக்கம் கெட்டவளில்லை. அவள் பயமெல்லாம் வேறு. நிலவழகனுக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு. எத்தனையோ மருந்து மாற்றி, கடைசியில் ஒரு மாத்திரைதான் அவனுக்கு ஒத்துக்கொண்டது. அதைத் தின்கிறவரை அவன் மற்றவர்களைப் போல ராஜாவாக இருப்பான். விட்டால், நின்ற இடத்தில் மரம் மாதிரிச் சாய்வான். கையில் வைத்திருந்த மாத்திரை தீர்ந்துபோகும் என்று செவந்திக்குத் தெரியும்.

மாத்திரை அனுப்ப வழியும் இருந்தது. விசைப்படகுச் சங்கத்தில் ஆண்ட்ரூஸ் என்று ஒருவர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீலைப் பார்க்க அக்கரைக்குப் போய்வருகிறவர். போகும்போது ஒரு பையில் கைலி, ஊறுகாய், பீடிக்கட்டு, மருந்து என்று வீட்டுக்காரர்கள் கொடுப்பதைத் திணித்துக்கொண்டு போவார். யார் பொட்டலம் யாருக்கு என்று எழுதிக்கூட வைத்துக்கொள்ள மாட்டார். ஆனால் இன்றுவரை ஒருத்தன் ஊறுகாய் இன்னொருத்தன் வாய்க்குப் போனதில்லை. செவந்தி மாத்திரையையும் டாக்டர் எழுதிய சீட்டையும் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டி, ஆண்ட்ரூஸைப் பார்க்கக் கிளம்பினாள். அந்த நேரம் பார்த்துத்தான் அல்லல் ஆபீஸ்காரர்கள் குறுக்கே வந்தார்கள்.

வந்தவர்களில் ஜாஸ்பின் என்று ஒரு பெண். ஆவூர்ப் பக்கத்துப் பிள்ளை, எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். அக்கா அக்கா என்று பிரியமாகப் பேசுவாள். அவளுக்குப் பின்னால் இயக்குநர் அறிவுச்செல்வன். அவருடைய பதவியே பொறுப்புடைமை இயக்குநர் என்பதுதான். பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் பதறிவிட்டார். ஆண்ட்ரூஸிடம் கொடுத்தால் யார் பொறுப்பு? வழியில் தொலைந்தால் எந்தக் கண்காணிப்பு இருக்கிறது? எங்களுக்கு அக்கரையிலும் ஆபீஸ் இருக்கிறது, எங்களிடம் கொடுங்கள் என்றார். செவந்திக்கும் அது சரியென்று பட்டது. இத்தனை பெரிய ஆபீஸ், கண்ணாடிக் கதவெல்லாம் போட்டிருக்கிறார்கள், ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டார்களா? கொடுத்தாள்.

சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. பந்தல் போட்டு, மைக் கட்டி, பொட்டலம் பெறும் விழா நடத்தினார்கள். செவந்தி கொடுப்பது போலவும் இயக்குநர் வாங்குவது போலவும் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தார்கள். குண்டு துளைக்காத சட்டையோடு இயக்குநர் பேசினார்.

"தாய்மார்களே, இந்தப் பொட்டலம் இனிமேல் உங்கள் கவலை அல்ல. இது எங்கள் பொறுப்பு. இது போய்ச் சேருமா என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. ஆனால் இது எங்கே இருக்கிறது என்று எந்த நேரமும் எங்களால் சொல்ல முடியும். அதற்குப் பெயர்தான் பொறுப்புடைமை!"

சனங்கள் கைதட்டினார்கள். செவந்தியும் தட்டினாள். பந்தலுக்கு வெளியே நின்ற ஆண்ட்ரூஸ் மட்டும் தட்டவில்லை. அவருக்கு ஒரு கையில் பை இருந்தது.

கொஞ்ச நாளில் முதல் கண்காணிப்புக் குழு செவந்தி வீட்டுக்கு வந்தது. வெயிலில் வந்த மனுஷர்கள் என்று பக்கத்து வீட்டு அழகம்மாளிடம் நாற்காலி வாங்கிப் போட்டு, பாலை ஊற்றி ஏலக்காய் தட்டி டீ போட்டுக் கொடுத்தாள். வந்தவர் மடியில் பலகை மாதிரி ஒரு மிஷினை வைத்துக்கொண்டு, உதவி பெறுவதில் ஏதும் குறை இருக்கிறதா என்று கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லைங்க, நல்லாருக்கோம்" என்றாள் செவந்தி.

இங்கேதான் வினை. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்கு வந்தவர் உட்கார்ந்ததும் குறை உண்டா என்று கேட்டால், அடுப்படிக் கூரை எரிந்துகொண்டிருந்தாலும் ஒரு குறையும் இல்லைங்க என்றுதான் சொல்ல வேண்டும். அது மரியாதை. டீயைக் குடித்து, மழை மாரி விசாரித்து, வந்தவர் எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் வீட்டுக்காரர் வாசல்வரை கூடவே வந்து, 'வேற ஒண்ணுமில்ல...' என்று இழுப்பார். சேதி அதற்கப்புறம்தான். கல்யாணம், கோர்ட்டுக் கேஸ், ஆஸ்பத்திரி, சாவு எல்லாம் அந்த வேற ஒண்ணுமில்லைக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும். இது தெரியாதவன் நம் ஊரில் ஒரு வீட்டுச் சங்கதியும் தெரிந்துகொள்ள முடியாது.

செவந்தியும் வாசல்வரை போனாள். வேற ஒண்ணுமில்லைங்க என்று ஆரம்பித்தாள். ஒன்றுமில்லை என்பதைக் கேட்டதும் குழுவினர் ரொம்ப சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ஜீப் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அடுத்து இன்னொரு குழு வந்தது. முதல் குழு ஒழுங்காகக் கண்காணித்ததா என்று கண்காணிக்கும் குழு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு விசாரித்தார்கள். முன்னே வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்களா, மரியாதையாகப் பேசினார்களா, டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார்களா என்றெல்லாம் கேட்டார்கள். பொட்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவர்கள் வேலையில்லையாம். கடைசியில் இவர்களும், ஏதும் குறை இருக்கிறதா என்றார்கள். செவந்தி என்ன செய்வாள்? கையில் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற மனுஷன் மூஞ்சியைப் பார்த்து, ஆமாம், குறை இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வளையவில்லை. வாசலுக்கு வந்ததும் இந்தத் தடவை முந்திக்கொண்டாள். படித்தவர்களுக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷிலேயே கேட்டாள்.

"சார், டேப்லட் அக்கரைக்குப் போயிருச்சுங்களா?"

குழுவுக்குத் தலைமையாக வந்தவர் கக்கத்தில் இருந்த மிஷினைத் தட்டிக்கொடுத்தார். "டேப்லட்ல ஏத்தினதெல்லாம் அன்னிக்கன்னிக்கே கடல் தாண்டிப் போயிரும்மா. ஒண்ணுகூட தங்காது."

செவந்திக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு ஏலக்கூடத்தில் எல்லோரிடமும், மாத்திரை போய்விட்டது, தினமும் போகிறதாம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அழகம்மாள்கூட, பரவாயில்லையே, அல்லல் ஆபீஸை நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்றாள்.

சிறையில் எப்போதாவது போன் பேச விடுவார்கள். அந்த வாரம் நிலவழகன் பேசினான். குரல் குழறியது. மாத்திரை தீர்ந்துவிட்டதாம். சிறை ஆஸ்பத்திரியில் வேறு ஒன்று கொடுத்தார்களாம், அது ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு தடவை வலிப்பு வந்துவிட்டது என்றான். கூட இருந்த பயல்கள் பிடித்துக்கொண்டதால் தலை தப்பியது.

"மாத்திரை அனுப்புனேன்னியே, என்னாச்சு?"

செவந்தி போனை வைத்துவிட்டு, இறால் கை கழுவாமலே அல்லல் ஆபீஸ் மாடிப்படி ஏறினாள்.

உள்ளே நுழைந்ததும் எதிரிலேயே அவள் பொட்டலம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், பட்டுத்துணி விரித்து, அதன்மேல். மேலே ஒரு குட்டி விளக்கு வேறு. சுவரில் பெரிய எழுத்தில், 'இதுவரை தொலையாத உதவிப்பொருள்' என்று எழுதியிருந்தது. வருகிற துரைமார்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டுகிறார்களாம். மற்ற தேசங்களில் அனுப்பிய சாமான் எல்லாம் தொலைந்துபோயிற்று. இது ஒன்றுதான் அனுப்பாததால் பத்திரமாக இருந்தது.

ஜாஸ்பின் அவளைத் தனியே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். "அக்கா, தேவை இருந்தாத்தான் அனுப்பலாம்னு ரூல். ரெண்டு தடவையும் நீங்க ஒரு கொறையும் இல்லன்னுட்டீங்க. அதை மிஷின்ல ஏத்திட்டாங்க. கொறை இல்லாத வீட்டுக்கு உதவி குடுத்தா அது முறைகேடு ஆயிரும்."

"ஏம்மா, நீயும் இந்தப் பக்கத்துப் பிள்ளதானே? வந்தவுகளுக்குச் சொல்ற வார்த்தை அதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்க்கா. மிஷினுக்குத் தெரியலையே."

சரி, இப்போது குறை இருக்கிறது என்று எழுதிக்கொள் என்றாள் செவந்தி. அதற்கும் வழியிருந்தது. குறை கேட்கும் பெட்டி வாசலிலேயே தொங்கியது. ஆனால் அதன் சாவி உள்ளூர் ஆபீஸில் இருந்தால் குறையைத் திருத்திவிடுவார்கள் என்று, நடுநிலையான ஓர் ஆளிடம் கொடுத்திருந்தார்கள். அந்த ஆள் ஐரோப்பாவில் இருக்கிறார். அவர் வந்து திறக்கிறவரை பெட்டி காலியாக இருப்பதாகத்தான் கணக்கு. தவிர, செவந்தி இப்போது குறை சொன்னால் அது அவள் முன்னே சொன்னதற்கு முரணாகும். அப்படியானால் அவள் நம்பத்தகாத பயனாளி ஆகிவிடுவாள். நம்பத்தகாத பயனாளியின் குறையை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜாஸ்பின் இதையெல்லாம் சொல்லும்போது தரையைப் பார்த்தே சொன்னாள்.

வெறுங்கையோடு இறங்கிய செவந்தி அதே மாத்திரையை மறுபடி வாங்கலாம் என்று அலைந்தாள். சீட்டில்லாமல் கொடுக்க முடியாது என்றார்கள் மருந்துக்கடையில். ஆளைப் பார்க்காமல் எழுத முடியாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. சீட்டு கண்ணாடிப் பெட்டியில் இருந்தது, ஆள் சிறையில் இருந்தான்.

இதற்குள் இயக்கத்தாருக்கே ஒரு கவலை வந்துவிட்டது. ஜெகதாப்பட்டினத்தில் ஒரு வீட்டில்கூடக் குறை பதிவாகவில்லை, எல்லா வீட்டிலும் ஒரு குறையும் இல்லைங்க. இவ்வளவு நல்ல பேர் வந்தால் துரைமார்கள் நம்ப மாட்டார்கள், கொஞ்சமாவது குறை வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம். உடனே பெண்களுக்கெல்லாம் குறை சொல்லும் பயிற்சி முகாம் என்று அறிவித்தார்கள். முகாமை ஜெகதாப்பட்டினத்திலேயே வைத்திருக்கலாம். அதிகாரிகள் சித்தன்னவாசல் ஓவியம் பார்த்ததில்லையாம். அதனால் மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பஸ் பிடித்து, பெண்களை ஓவியத்துக்குப் பக்கத்து ஊரான அன்னவாசலில் ஒரு மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். இறால் கிள்ளினால் கிடைக்கிற அன்றைய கூலி போனது. பிரியாணி போட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியை இயக்குநரே எடுத்தார். குறையைக் குறையாகச் சொன்னால் கேட்பவர் மனசு புண்படும், அதனால் அதை நல்லவிதமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பாடம். தண்ணீர் வரவில்லை என்று சொல்லக் கூடாது, தண்ணீரை ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டும். இப்படியே ஒரு மணி நேரம். அழகம்மாள் எழுந்து, இவ புருஷனுக்கு மாத்திரை போகலை, விழுந்து கிடக்கிறான், அதை எப்படிச் சொல்றதுங்க என்று கேட்டாள். இயக்குநர் யோசிக்கவே இல்லை.

"மாத்திரை சென்றடையும் வாய்ப்பு இன்னும் பிரகாசமாக இருக்கிறது. எங்கே, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் பார்ப்போம்."

எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். பிரியாணி தின்ற வாயாயிற்றே. செவந்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அதிகாரிகள் ஓவியம் பார்த்துத் திரும்புகிறவரை பெண்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மாசி கடைசியில் பெரிய விழா வந்தது. மோதல் பகுதியில் மிகச் சிறந்த பொறுப்புடைமைக்கான விருதை இயக்கம் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது. துரைமார்கள் நேரில் வந்திருந்தார்கள். சமுதாயக் கூடத்து மேடையில் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து மாலை போட்டிருந்தார்கள். பயனாளி ஒருவரை மேடையேற்றி, எல்லார் முன்னாலும் குறை கேட்பது நிகழ்ச்சியின் உச்சம். பொட்டலம் செவந்தியுடையது என்பதால் அவளையே தேர்ந்தெடுத்தார்கள்.

அன்று காலையில்தான் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை நிலவழகன் பேசவில்லை, கூட இருந்த பையன் பேசினான். அண்ணனுக்குக் குளிக்கிற இடத்தில் வந்துவிட்டது, பிடிக்க ஆளில்லை, படியில் வாய் அடித்து முன்பல் ரெண்டும் போய்விட்டது என்றான். அடுத்த தடவை தலை அடிபட்டால் என்ன ஆகும் என்று செவந்திக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. செவந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே ஆண்ட்ரூஸிடம் போனாள். அவர் மத்தியானம் அக்கரைக்குக் கிளம்புகிறார். பொட்டலம் கிடைத்தால் கொண்டா, விழாக் கூடத்து வாசலில் நிற்கிறேன் என்றார். முதலிலேயே என்னிடம் கொடுத்திருந்தால் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செவந்தி அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள்.

மேடையில் இயக்குநர் மைக்கை அவளிடம் நீட்டினார். பயிற்சியெல்லாம் எடுத்திருக்கிறோம், பயமில்லாமல் சொல்லுங்கள், ஏதும் குறை இருக்கிறதா என்றார். படம் எடுக்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். செவந்தி கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். கூடத்து வாசலைப் பார்த்தாள். இந்த ஊருக்கு அவள்தானே வீட்டுக்காரி, வந்திருப்பவர்கள்தானே விருந்தாளி என்று அவளுக்குத் தோன்றியது.

"என் கொறை இருக்கட்டும் சார். எங்க ஊருக்கு இத்தனை தடவ வந்து போறீங்க. ஒங்களுக்கு ஏதும் கொறை இருக்கா, அதைச் சொல்லுங்க மொதல்ல."

இயக்குநர் நம் பக்கத்து ஆளாக இருந்திருந்தால் ஒரு குறையும் இல்லைங்க என்று முடித்திருப்பார். பாவம், அவரை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்டார்.

"நல்ல கேள்வி. உதவி செய்பவர்களின் அல்லலைக் கேட்பவர் யார்? நாங்கள் தங்கியிருக்கும் அறையில் ஏசி சத்தம் போடுகிறது. மூன்று முறை புகார் செய்துவிட்டேன், வந்து பார்க்க ஆளில்லை. காலையில் ஒரே இட்லி. இந்தச் சட்டையைப் போட்டுப் போட்டு முதுகெல்லாம் வேர்க்குரு. வண்டியின் பின் சீட்டில் குளிர்காற்று வருவதில்லை. போர்முனையில் வேலை பார்த்த என்னுடைய நண்பனுக்கு விமானத்தில் முன்வரிசை கொடுத்தார்கள். எனக்கு?"

துரைமார்களில் ஒருவர் உருக்கமாகத் தலையசைத்தார். அவருக்கும் இட்லிதான் போலிருக்கிறது. இன்னொரு அதிகாரி பக்கத்து மைக்கைப் பிடித்துக்கொண்டு, கொசுவை விட்டுவிட்டீர்கள் சார் என்று எடுத்துக் கொடுத்தார். குறை மேல் குறையாக வந்து கொட்டியது. இத்தனை நாள் ஊரெல்லாம் தேடியும் அகப்படாத குறை அத்தனையும் மேடைமேலேதான் இருந்தது.

செவந்தி பெட்டிப் பக்கம் நகர்ந்தாள். அங்கே பூத்தட்டோடு ஜாஸ்பின் நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜாஸ்பின் தட்டைக் கீழே வைத்துவிட்டு, துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைப்பவள்போல மூடியைத் தூக்கிப் பிடித்தாள். செவந்தி பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வாசலுக்குப் போனாள். அழகம்மாள் மட்டும் காலை மடக்கி வழிவிட்டாள். ஆண்ட்ரூஸ் பொட்டலத்தை ஊறுகாய்க்கும் கைலிக்கும் நடுவே திணித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். இயக்குநர் அப்போதுதான் தலையணை உயரம் பற்றி ஆரம்பித்திருந்தார்.

படம் எடுக்கிற நேரத்தில்தான் பெட்டி காலி என்று கண்டார்கள். அடேயப்பா, என்ன விசாரணை! நிஜமான சண்டை நடந்த தேசத்தில் கப்பல் கப்பலாகச் சாமான் காணாமல் போனபோது, சூழ்நிலை அப்படி என்று ஒரே வரியில் முடித்தவர்கள், ஒரு பொட்டலத்துக்காகக் குழு மேல் குழு அனுப்பினார்கள். ஆண்ட்ரூஸ் போய் நிலவழகன் கையில் மாத்திரையைக் கொடுத்து, அவன் தின்று, வலிப்பு நின்று, வாய்ப்புண்ணும் ஆறிவிட்டது. இங்கே விசாரணை முடியவில்லை. கடைசியில் முடிவு சொன்னார்கள். இயக்கத்தின் உதவிப்பொருளைப் பயனாளி ஒருவர் அனுமதியின்றிப் பயன்படுத்திவிட்டார். இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து நடந்த கண்காணிப்பில் குற்றம் என்று ஊர்ஜிதமானது இது ஒன்றுதான். அதற்குப் பொறுப்பு செவந்தி. அளவுக்கு மீறித் தூசி துடைத்ததற்காக ஜாஸ்பினுக்கு மெமோ. பயனாளிகள் தங்கள் சாமானைத் தாங்களே எடுத்துக்கொள்ளாமல் தடுக்கப் புதிய திட்டம் ஒன்று போட்டு, அதற்கும் நன்கொடை வாங்கினார்கள்.

செவந்தி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒன்றே ஒன்று செய்தாள். அடுத்து வந்த குழுவுக்கு நாற்காலி போடவில்லை, டீ போடவில்லை. டீ குடிக்காதவன் விருந்தாளி இல்லை. விருந்தாளி இல்லாதவனுக்கு மரியாதை வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. ஏதும் குறை இருக்கா என்று அவர் நின்றபடியே கேட்டதும், இருக்கு, எழுதிக்குங்க என்று ஆரம்பித்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அழகம்மாளும் அடுப்பை அணைத்தாள். ஒரு வாரத்தில் தெரு முழுக்க டீ நின்றுவிட்டது. வீட்டுக்கு வீடு குறையான குறை. கேட்டவர்கள் மிரண்டுபோனார்கள். ஜெகதாப்பட்டினத்தில் மோதல் முற்றிவிட்டது, ஊழியர் உயிருக்கு ஆபத்து என்று தலைமையகத்துக்குச் சேதி போயிற்று. ஆபீஸை அன்னவாசலுக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கே கடலும் இல்லை, கடற்படையும் இல்லை. மோதலைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

பங்குனி கடைசியில் அக்கரைக் கோர்ட் விடுதலை செய்து நிலவழகன் வீடு வந்து சேர்ந்தான். அவன் வந்த சேதி அன்னவாசலுக்கும் எட்டிவிட்டது. கணக்கை முடித்துவைக்க ஓர் அதிகாரி படம் எடுக்கிறவரோடு வந்தார். செவந்தி தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வருவதற்குள் நிலவழகன், நடந்தது எதுவும் தெரியாத மனுஷன், வந்தவர்களை உட்காரவைத்துக் கடையில் டீ வாங்கியும் கொடுத்துவிட்டான். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு, ஏதும் குறை இருக்கிறதா என்றார்.

"ஒரு கொறையும் இல்லீங்க" என்றான் நிலவழகன், இரண்டு பல் குறைந்த வாயால்.

அதிகாரி மிஷினில் குத்திவிட்டு எழுந்தார். செவந்தி குடத்தை இறக்கிவைத்துவிட்டு வாசலை மறித்து நின்றாள்.

"வேற ஒண்ணுமில்ல சார். அவுக சொன்னது வந்தவுகளுக்குச் சொன்ன வார்த்தை. எங்கூர்ல சேதியெல்லாம் வாசல்லதான். ஒங்க பெட்டிக்குள்ள மாத்திரை கெடந்தப்ப இவருக்கு ரெண்டு பல்லு போச்சு. அதை எழுதுங்க."

அந்தக் கேள்வி முடிந்துவிட்டது அம்மா, அதற்கு மேல் மிஷினில் இடமில்லை என்றார் அவர். அப்படியானால் படமாவது எடுத்துக்கொண்டு போங்கள் என்று, புருஷனை இழுத்து நிறுத்தி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக அவன் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தாள். வெற்று ஈறு தெரிந்தது. நிலவழகன் வெட்கத்தில் நெளிந்தான். படம் மட்டும் மறுக்காமல் எடுத்துக்கொண்டார்கள். அந்த விஷயத்தில் அவர்களைக் குறையே சொல்ல முடியாது.

சித்திரையில் ஜாஸ்பின் ஒரு பளபளப்பான புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேலையை விட்டுவிட்டாளாம், உங்களுக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றாள். அட்டையிலேயே நிலவழகன் முகம் பெரிதாக இருந்தது. செவந்தியின் விரல்களைக் காணோம், வெட்டிவிட்டிருந்தார்கள். தூக்கிய உதடும் ஈறும் மட்டும் பிரகாசமாக விழுந்திருந்தன. கீழே தங்க எழுத்தில், 'எங்கள் உதவியால் மீண்டும் மலர்ந்த புன்னகை' என்று போட்டிருந்தது.

நிலவழகன் அதை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு செவந்தியைப் பார்த்தான்.

"நான் எப்ப சிரிச்சேன்?"